தலைப்பாகைக்குள் ஊதிய சங்கு

அருள் என்பது முயன்று பெறும் பொருள் அல்ல. ஒரு தேசத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரே ஒருவர் நாவில்தான் அது வந்து அமரும். 1953-ஆம் வருஷ வாக்கில் கொட்டாரம் வட்டாரத்தில் இதைச் சந்தேகப்பட்டவர்கள் யாரும் இல்லை. அது வந்து அமர்ந்த நாக்கு பலசரக்குக் கடை வைகுண்டராஜனுடையது. வந்து அமர்ந்ததற்குக் காரணம், அவருக்கு இரண்டு காதும் கேட்காது.

அய்யா வழிக்காரர்கள் கும்பிடும் ஊர் நிழல்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உச்சிப்பொழுதில் படிப்பு நடக்கும். அய்யா வழியில் சிலை கிடையாது. இரண்டு விளக்குக்கு நடுவே ஒரு கண்ணாடி. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, அதில் தெரிகிற தங்கள் முகத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும். முன்னால் நிற்பவர் ஒரு வரி சொல்லுவார். பின்னால் நிற்கும் சனம் அதைத் திருப்பிச் சொல்லும். சனம் முடித்ததும் அவர் அடுத்த வரிக்குப் போவார். சனமோ அவருக்கு முதுகுப் பக்கம். முடித்துவிட்டார்களா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வைகுண்டராஜனின் காது ஒன்பது வருஷமாக எதையும் சொல்வதில்லை. ஆகவே அவர் மூச்சைக் கணக்கு வைத்தார். ஒரு வரி, இரண்டு மூச்சு, அடுத்த வரி. சனம் பாதி வரியில் இருக்கும்போதே அடுத்தது அவர் வாயிலிருந்து புறப்பட்டுவிடும்.

வேறு ஒருவன் இப்படிச் செய்திருந்தால் வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவன் என்பார்கள். ஆனால் வைகுண்டராஜன் நல்ல உயரம்; நெற்றியில் நாமம் துலங்கும்; கடையில்கூட யாரிடமும் பேச்சுக் கொடுக்கமாட்டார். பேச்சுக் கொடுத்தால் பதிலைக் கேட்க வேண்டியிருக்குமே. இப்படிப்பட்டவர் அவசரப்படுகிறார் என்றால் அது அவசரமாக இருக்க முடியாது. தாங்கல் காரியதரிசி முத்துநாயகம் பத்திர ஆபீசில் முப்பது வருஷம் எழுத்து வேலை பார்த்தவர். விளங்காத எதற்கும் ஒரு விளக்கம் எழுதிவிடக்கூடியவர். அவர் சொன்னார்: "அவருக்க வாயில சொல்லு நிக்கமாட்டேங்கு. உள்ள இருந்து ஒண்ணு பிடிச்சுத் தள்ளுதாக்கும். நாம பிந்தி நிக்கோம், அவ்வளவுதான்."

அது பரவியது. பக்கத்து ஊர்த் தாங்கல்களிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஓரிடத்தில் காது நன்றாகக் கேட்கும் ஒருவர், ஆறு மாதம் பாடுபட்டு, தன் சனத்தின் குரலை மிதித்துக்கொண்டு முன்னேறக் கற்றுக்கொண்டதாகக் கேள்வி.

இதெல்லாம் ஏதோ மரியாதை என்ற அளவில் வைகுண்டராஜனுக்குத் தெரியும். காரணம் தெரியாது. தன் கணக்கு சரியாக இருக்கிறது, தனக்குக் காது கேட்காதது ஒருவருக்கும் தெரியவில்லை என்பதே அவருடைய நிம்மதி. அந்த நிம்மதியை அவர் மனைவி சொர்ணம்மாளின் தொண்டையைச் செலவழித்து வாங்கியிருந்தார். அவள் முதலில் எதையும் இரண்டு தடவை சொன்னாள்; பிறகு கத்தினாள்; பிறகு கையைக் காட்டினாள். சோற்றுக்கு ஒரு கை, மழைக்கு ஒரு கை. கையில் அடங்காத செய்தி அவருக்கு வந்து சேர்வதில்லை. தேங்காய்ப்பட்டணத்துக்குக் கட்டிக்கொடுத்த மகள் சண்முகவடிவு உண்டாகியிருக்கிறாள் என்பதைச் சொர்ணம்மாள் தன் வயிற்றைத் தடவிக் காட்டியபோது, அவர் எழுந்துபோய் ஓமத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

கொழும்பில் இருந்த மைத்துனன் பொன்னுலிங்கத்துக்கு அக்காள் ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு மாதத்தில் ஒரு பெட்டி வந்தது. சிகரெட் டப்பா அளவில் ஒரு கருவி, அதிலிருந்து முறுக்கிய ஒரு வயர், வயரின் நுனியில் காதில் செருகும் பொத்தான். கன்னியாகுமரியில் ரேடியோ பழுது பார்க்கும் கிளீட்டஸிடம் காட்டவும் என்று பொன்னுலிங்கம் எழுதியிருந்தான்.

கிளீட்டஸுக்கும் காது போய்விட்டிருந்தது. மாதா கோயில் பெருநாளுக்குக் கதினா வெடி போட்டுப் போட்டுப் போனது. அவன் தன் கருவியை மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில், சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தான். வந்தவரை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு முகம் பார்த்து, அரை நாள் பாடம் எடுத்தான். முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளே, ஒரே அறையில், ஒரே ஒருவர் குரலை மட்டும் கேட்க வேண்டும். சத்தத்தைக் கூட்டும் திருகாணியை முழுக்கத் திருகக் கூடாது. வேர்வை பட்டால் துடைக்க வேண்டும். கருவியை நெஞ்சில் தொங்கவிட வேண்டும், துணிக்குள் மறைக்கவே கூடாது. மறைத்தால் துணி பேசுவதுதான் கேட்கும். ராத்திரி பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, இது காது இல்ல, பெட்டியாக்கும். எல்லாச் சத்தத்தையும் அள்ளிக் கொண்டாந்து கொட்டும். எது வேணும், எது வேண்டாமுன்னு பொறுக்கது நீங்க. அதுக்கு ரெண்டு மாசம் பிடிக்கும். முதல் நாளே கழத்தி எறிஞ்சிராதீங்க. இன்னொண்ணு. எனக்குக் காது கேக்காதுன்னு நாலு பேருகிட்டச் சொல்லிரணும். சொன்னாத்தான் ஒங்க மொகத்தைப் பாத்துப் பேசுவாவ."

கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வைகுண்டராஜன் ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அடுக்களையில் சொர்ணம்மாளுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து பொத்தானைக் காதில் வைத்தார். தேங்காய் துருவும் சத்தம் மரம் அறுப்பதுபோல் வந்தது. கூரையில் ஒரு காக்கை அவர் காதுக்குள்ளேயே நடந்தது. தான் எச்சில் விழுங்கினாலும் கேட்டது. கழற்றிவிடலாம் என்று கை போன நேரத்தில் சொர்ணம்மாள், ஒன்பது வருஷத்துப் பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "கேக்குதா?"

வைகுண்டராஜன் பலகையோடு பின்னால் சாய்ந்தார். "ஏட்டி, பையப் பேசு. பக்கத்துலதானே இருக்கேன்."

பையப் பேசு என்று அவளிடம் அவர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சொர்ணம்மாள் துருவலை அப்படியே விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பாதியில் அது வேறாக மாறியது. அவர் இரண்டையும் கேட்டார். அவளுடைய குரல் கல்யாணத்தின்போது இருந்த குரல் அல்ல. கத்திக் கத்தி, ஓட்டை விழுந்த நாதசுரம்போல் ஆகியிருந்தது. அது தன்னால் ஆனது என்பது அவருக்கு விளங்கியது. ஆனாலும் அதைப்போல ஒரு சத்தம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அந்த வாரம் முழுவதும், தினம் ஒரு மணி நேரம் என்று கிளீட்டஸ் சொன்னதை இரண்டு மணி நேரமாக்கினார். ஒன்பது வருஷத்துச் செய்திகள் கிடந்தன. பேரன் பிறந்து நடக்கத் தொடங்கியதுவரை வந்தார்கள்.

ஆறாம் நாள் அவள், குற்றமாக இல்லாமல், ஒரு செய்தியாகத்தான் அதையும் சொன்னாள். "தாங்கல்ல நீங்க எங்கள முடிக்க விடது இல்ல. பாதி சொல்லும்ப அடுத்ததுக்குப் போயிருவிய. அத அருளுன்னு சொல்லுகாவ."

வைகுண்டராஜன் அன்று கடை திறக்கவில்லை. சனம் சொல்லி முடிப்பதை ஒரு தடவையாவது தன் காதால் கேட்டு, அதன் பிறகு அடுத்த வரிக்குப் போக வேண்டும். இது ஒரு பக்கம். கருவியைப் பார்த்தால் அருள் போய்விடும். ஊருக்கு அவர் வெறும் செவிடர் ஆகிவிடுவார். இது இன்னொரு பக்கம். தாங்கலிலோ சட்டை போட முடியாது. நெஞ்சில் மறைக்க இடம் இல்லை. வேட்டி மடிப்பில் செருகி வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார். துணி உரசி, பனங்காட்டில் காற்று அடிப்பதுபோல் கேட்டது. நடுநடுவே அவருடைய குடலும் கருத்துச் சொன்னது. கடைசியில், எல்லாவற்றையும் மறைக்க ஒரே இடம் தலைப்பாகைதான் என்று கண்டுபிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கருவியை உச்சந்தலையில் வைத்து, பொத்தானைக் காதில் வைத்து, இரண்டுக்கும் மேலே தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். முதல் வரியைச் சொன்னார். காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வரி; ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். சனம் முழுக்கத் தரையில் விழுந்து கிடந்தது. முத்துநாயகம் கையைக் கூப்பியபடி குப்புறக் கிடந்தார். பெண்கள் பக்கத்தில் சொர்ணம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். அவள் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "ஒங்க தலையில இருந்து விசில் வந்துது. முதல் வரிக்கே தொடங்கி நிக்கவே இல்ல. எல்லாருக்கும் கேட்டுது. ஒங்களுக்கு மட்டும் கேக்கல்ல."

கிளீட்டஸ் இதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பொத்தானும் பெட்டியும் அடுத்தடுத்து இருந்தால் சத்தம் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் சுற்றி விசில் அடிக்கும். மெல்லிய கூர்மையான சத்தம் இவர் காதுக்கு எட்டாது. "நெஞ்சுல தொங்கப் போடுங்கன்னுதானே சொன்னேன்" என்றான்.

அவன் விளக்கம் கன்னியாகுமரியோடு நின்றது. முத்துநாயகத்தின் விளக்கம் அதற்குள் பதினோரு தாங்கல்களுக்குப் போய்விட்டது. வைகுண்டராஜன் தலைக்குள் சங்கு ஊதுகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குப் பெரியவர்கள் நேரில் வந்து கேட்கலாம், அன்னம் உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தலைப்பாகைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதற்குள் கருவியை வைத்தால் இந்த ஜில்லாவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வெளியே தொங்கவிட்டால் அந்த இடம் மறுபடி கிடைக்காது. சொர்ணம்மாள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கழத்தி வீட்டுல வச்சிட்டுப் போனாலும் ஒங்களுக்கு மரியாதை உண்டு. தலையில வச்சிட்டுப் போனா அதுக்கு மேல உண்டு. நான் வேண்டாமுன்னு சொல்லமாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று மறுபடி முகத்தை நிமிர்த்தினாள். "நான் அங்க நின்னு சொல்லுகது ஒங்களுக்குக் கேட்டா நல்லா இருக்கும். அவ்வளவுதான்."

மறுநாள், தாங்கலுக்கு ஒருவராக, பதினோரு பெரியவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். வைகுண்டராஜன் ஒரு நாடாவில் கருவியைக் கோத்துக் கழுத்தில் போட்டு, தலைப்பாகையைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் நாமம் இருந்தது, நரைத்த மார்பு இருந்தது, மார்பின் நடுவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. பெட்டி திருத்தமாகத் தெரிந்தது. முதல் வரியைச் சொன்னார். மூச்சை எண்ணாமல் நின்றார்.

ஒரே ஒரு குரல் வந்தது. ஓட்டை விழுந்த நாதசுரம். அது வரியை முழுக்கச் சொல்லி முடித்தது.

வேறு ஒரு குரலும் வரவில்லை. அவர் திரும்பினார். எல்லா உதடும் அசைந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடிக்க முடியாத வரிகளை எதற்குத் துரத்துவது என்று சனம் எந்த வருஷத்திலோ விட்டுவிட்டிருந்தது. மிச்ச வருஷமெல்லாம் வாயை அசைத்திருக்கிறார்கள். அவளைத் தவிர.

முத்துநாயகம் வாயைத் திறப்பதற்கு முன்னால் வைகுண்டராஜன் சொல்லிவிட்டார். "எனக்குக் காது கேக்காது. ஒம்பது வருஷமா கேக்காது. இது மெசினாக்கும். போன வாரம் நீங்க கேட்டது இதுக்க சத்தம். நீங்க சொன்னா இப்ப எனக்குக் கேக்கும். சொல்லுங்க."

யாரோ இருமினார்கள். அதுவும் அவருக்குக் கேட்டது. கண்ணாடிப் பக்கம் திரும்பி மறுபடியும் முதல் வரியைச் சொன்னார். முதலில் சொர்ணம்மாள், பிறகு பெண்கள் பக்கம், பிறகு பின்வரிசை, பிறகு முன்வரிசை. பழக்கம் விட்டுப்போனதால் ஒழுங்கில்லாமல், ஆளுக்கு ஒரு சுருதியில், கட்டை வண்டி மேட்டில் ஏறுவதுபோல் வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கச் சொன்னான் கிளீட்டஸ். வைகுண்டராஜனுக்கு எல்லாமே வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் கடைசிக் கிழவி முடிக்கும்வரை நின்றார். கண்ணில் தண்ணீர் வந்து நாமத்துக்குக் கீழே வழிந்தது. கருவியில் பட்டுவிடாமல் துடைத்துக்கொண்டார். கொழும்பில் இருக்கும் மைத்துனனையும், வெடி போட்டுக் காது போன கிளீட்டஸையும், எதிரே உட்கார்ந்து பேசியவளையும் அய்யா நல்லா வைக்க வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். கால் மணி நேரத்துப் படிப்பு அன்று ஒரு மணி நேரம் நடந்தது.

சங்கு கேட்க வந்தவர்களுக்கு முத்துநாயகம் பந்தியில் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இதுவரை ஒருவர் நாவில் நின்ற அருள் இன்று எல்லோருக்கும் பங்காகிவிட்டது என்றார். பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். கை கழுவும் இடத்தில் அவர்கள் ஒவ்வொருவராக, மற்றவர் பார்க்காத நேரமாகப் பார்த்து, வைகுண்டராஜனிடம் வந்தார்கள்.

பதினோரு பேரில் ஏழு பேர் கிளீட்டஸின் விலாசத்தைக் கேட்டார்கள். தாளில் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை.