சிஸ்டருக்கு நான் கொடுத்த வேடம்

என் வேலையைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி ஒரே மாதிரிதான் சொல்வான்: "அக்கா பெரிய மனுஷங்களை உக்கார வச்சு சொப்பு விளையாட்டு நடத்துறா. அதுக்குச் சம்பளம் வேற." நானும் சிரித்துக்கொள்வேன். முழுப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு அதுதான் வேலை. பெரிய முடிவு எடுக்கப்போகிறவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கொரு வேடம் கொடுத்து, அந்த முடிவை முதலில் காகிதத்தில் நடத்திப் பார்ப்போம். முதலாளி தொழிலாளியாவார், கணக்கர் காவலாளியாவார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தன் முட்டாள்தனம் தெரியும் என்பது என் கட்சி.

விதி ஒன்றே ஒன்றுதான். வேடத்தில் இருக்கும்போது அந்த ஆளுக்குத் தெரிந்ததை மட்டுமே பேச வேண்டும். அதை எழுதியது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, தலைக்கேறியே இருந்தது.

ஒரு பெரிய மருத்துவமனை எங்களை அழைத்தது. தரைத்தளத்தில் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவைப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மாற்றலாமா என்பது கேள்வி. கீழே காலியாகும் இடத்தில் புது ஸ்கேன் அறை வரும்.

கட்டட வரைபடத்தை மேசை முழுக்க விரித்தேன். கட்டில்களுக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் அட்டைகள். நிர்வாகி காவலாளி ஆனார். பெரிய டாக்டர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடும் தலைமை நர்சுக்கு நோயாளியின் மகள் வேடம். முப்பத்தொரு வருடம் அங்கேயே வேலை பார்த்தவர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது.

நோயாளியை ஸ்கேனுக்குக் கீழே இறக்கும் கட்டம் வந்ததும் சிஸ்டர் எழுந்தார்.

"அந்த லிஃப்ட்ல கட்டில் போகும்மா. ஆனா மூச்சு மெஷின்..."

"சிஸ்டர், சிஸ்டர்! நீங்க இப்ப நோயாளியோட மகள். மகளுக்கு லிஃப்ட் அளவெல்லாம் எப்படித் தெரியும்? உக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் அட்டையை விரலால் தள்ளினேன். அட்டைக் கட்டில் லிஃப்டுக்குள் அழகாகப் போயிற்று.

மாலையில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த லிஃப்ட் விஷயம்..." என்று இழுத்தார்.

"மெயில் போட்டுடுங்க சிஸ்டர், ரிப்போர்ட்ல சேத்துடறேன்."

மெயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. பிரிவை மாற்றலாம் என்று அறிக்கை போயிற்று. 'ஆட்சேபனை எதுவும் எழவில்லை' என்று ஒரு வரியும் அதில் இருந்தது.

மாற்றிய ஐந்தாம் மாதம் அது நடந்தது. மூச்சுக் கருவிக்குக் கட்டிலோடு லிஃப்டில் இடமில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிவிட்டு, கையால் ஒரு பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தபடியே இறக்குவது வழக்கமாகியிருந்தது. அன்று லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு முதியவரும், வேலைக்குப் புதிதாக வந்த ஒரு நர்சும். அந்தப் பெண் இரண்டு கையும் மரத்துப்போகும்வரை அமுக்கியிருக்கிறாள். நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது முதியவர் உயிரோடு இல்லை.

விசாரணை அதே அறையில், அதே மேசையில் நடந்தது. பழி சிஸ்டர் தலையில் விழுந்திருந்தது. லிஃப்டைப் பற்றித் தெரிந்திருந்தும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். ஆதாரம் என் அறிக்கைதான்.

படியேறும்போது என் மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. நம்ம ரெண்டு பேர் பிழைப்பும் இதுல இருக்கு."

விசாரணை அதிகாரி சிஸ்டரிடம் கேட்டார்: "லிஃப்ட்ல மெஷின் ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு எழுந்தேன் சார்."

"எழுந்து?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. நீ சொல்வாயா என்று கெஞ்சுகிற பார்வையும் இல்லை. பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மேசைக்கடியில் மேலதிகாரி என் காலை மிதித்தார். அவர் மிதிக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் கோழையாகவே உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

"நான்தான் சார் உக்கார வச்சேன்," என்று எழுந்தேன். "அவங்க சொல்லத்தான் வந்தாங்க. நோயாளியோட மகளுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காதுன்னு நான் தடுத்துட்டேன். சாயங்காலமும் வந்தாங்க. மெயில் போடுங்கன்னு அனுப்பிட்டேன். ஆட்சேபனை இல்லைன்னு நான் எழுதினது பொய்."

சுவரோரம் இறந்தவரின் மகள் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினோம்.

"அப்பாவை முதல் தடவை இறக்கினப்பவே தெரியும். லிஃப்ட்ல எனக்கு எடமிருக்காது, படியில ஓடுவேன். மெஷினை மேலயே விட்டுட்டு வர்றீங்களேன்னு கேட்டேன். கேக்காத ஆள் இல்ல. ரெண்டு லெட்டர்கூட எழுதிக் குடுத்தேன். மகளுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாக முடிவு கட்டியதுதான். ஊரையெல்லாம் அடுத்தவர் நாற்காலியில் உட்காரச் சொன்ன நான், ஒரு நோயாளியின் மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிடுங்க," என்றேன்.

சிஸ்டர் மீது குற்றமில்லை என்று அதிகாரி எழுதினார். என் வேலை அன்றோடு சரி. மேலதிகாரி என்னை ஏற்றிக்கொள்ளாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறைக்கு வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் நின்றிருந்தார். பக்கத்தில் போய், "இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சிஸ்டர்," என்றேன்.

"ஆகாதும்மா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க உக்காருங்கன்னீங்க. உங்களுக்கு அந்த லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்? முப்பத்தொரு வருஷமா அதுல ஏறி இறங்கினவ நான். நானும் சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டேனேம்மா."