குதிரைமேல் முத்தாயி

அந்தோணிராஜுக்குப் போனில் வந்த செய்தி பாதி சர்க்கரை, பாதி வேப்பங்காய். சென்னையில் சித்திரக்கதைப் பத்திரிகை நடத்தும் ஆசிரியர், அவன் அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டு, "விரல், நகம், துணி மடிப்பு எல்லாம் அச்சு அசல். ஆனா ஒருத்தரும் அசையலையே தம்பி! முதல் பக்கத்தை வேற மாதிரி வரைஞ்சு இந்த வாரத்துக்குள்ள அனுப்புங்க. பிடிச்சா கதை வரும், இல்லேன்னா இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த அந்தோணிராஜ், பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனியில் குழந்தைகள் டீ-சர்ட்டுக்குப் படம் தயார் செய்கிறவன். அடியில் ட்யூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் மூலப்படத்தை வைத்து, மேலே விரித்த தாளில் கோட்டின்மேல் கோடு விழ இழுக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பூனையின் மீசை வேறெங்கோ அச்சாகிவிடும். அந்தப் பழக்கத்திலேயே கதையையும் வரைந்தான். பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லர் முத்தாயியைத் துணி ரோல்மேல் உட்காரவைத்து, இதுதான் குதிரை என்றான். கட்டிங் செக்‌ஷன் முருகேஷிடம் கத்திக்குப் பதில் மூங்கிலைக் கொடுத்து, நீதான் கொள்ளைக்காரன் என்றான். இரவல் கேமராவில் போட்டோ எடுத்து, மேசையில் வைத்து, அப்படியே இழுத்தான். ஊரைக் காக்கப் பறக்கும் குதிரைக்காரி செம்பா அப்படித்தான் பிறந்தாள்.

டீ நேரத்தில் அந்தப் பக்கத்தை இருவரிடமும் காட்டினான். முத்தாயி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க தம்பி, இவ குதிரை ஓட்டறாளா, ஓவர்லாக் ஓட்டறாளா?"

"என்னக்கா சொல்லுதீய?"

"வலது காலைப் பாருங்க, பெடலை மிதிக்குது. கை ரெண்டும் துணியத் தள்ளுது. கண்ணு ஊசியவே பாக்குதுங்க."

முருகேஷ் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்காகிட்டக் குதிரை மேலயும் புரொடக்சன் கேப்பாங்க போல."

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? ஒரு கையில துணிய அமுத்திக்கிட்டு, மறு கையில கத்திய மெசினாட்டம் தள்ளற. கொள்ளையடிக்க வந்தியா, பனியனுக்குக் கழுத்து வெட்ட வந்தியா?"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். போட்டோவின்மேல் பிழையில்லை. வருஷக்கணக்காக மெஷினில் உட்கார்ந்த உடம்பு, எங்கே உட்கார்ந்தாலும் மெஷினில்தான் உட்காருகிறது. சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் மறுபடி எடுத்தும் பார்த்தார்கள். முத்தாயி முதுகை நிமிர்த்தினாள். கால் தானாக மிதித்தது.

"அது பாட்டுக்கு மிதிக்குதுங்க, நா என்ன பண்ணட்டும்?" என்றவள், மெல்லச் சொன்னாள்: "அம்மா மூஞ்சி புத்தகத்துல வருதுன்னு எம் புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. என்னாலதான் கெட்டுதுங்களா?"

இது அவன் எதிர்பாராத சுமை. போட்டோவைப் பார்த்து வரைந்தால் கதை போகும். பாராமல் வரைந்தால் முத்தாயியின் முகம் போகும்.

சாயங்காலம் தன் வாடகை அறையில் போட்டோக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத்தாளை விரித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது அவன் நினைவுக்கு வந்தது. அப்பா சீரியஸ் என்று தகவல் வந்த அன்று சூப்பர்வைசர் லீவு தர மறுத்தார். புதியவன், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அப்போது ஹாலின் கடைக்கோடியில் ஒரு மெஷின் நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையெல்லாம் நூல்பிசிறோடு, அன்று பேர்கூடத் தெரியாத ஒருத்தி வந்தாள். "அப்பனுக்கு முடியலைங்கறப்பவும் பீஸ் கணக்குத்தானுங்களா? அந்தப் பையன அனுப்பி உடுங்க!" அன்று ராத்திரி பஸ் ஏறியதால்தான் அப்பாவின் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றக் கிடைத்தது.

அந்த வருகைக்குப் போட்டோ ஏது? அதைத்தான் வரைந்தான். கால்கள் நீண்டுகொண்டே போயின. குதிரையின் கழுத்து காற்றுக்கு முன்னால் ஓடியது. முகத்துக்குப் புருவம் இரண்டு கோடு, முகவாய் ஒரு கோடு. மூக்கு வைக்கவே மறந்துபோனது.

மறுநாள் பயந்துகொண்டே நீட்டினான். "மூஞ்சி ஒங்கள மாரி வரலக்கா. தப்பா நெனைக்காதீய."

முத்தாயி வாய் திறக்குமுன் பக்கத்து மெஷின் மருதாள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ, முத்தாயி சண்டைக்குப் போறாளே! யாருகிட்டடி இன்னிக்கு?"

தாள் மெஷினுக்கு மெஷின் கைமாறியது. போன இடமெல்லாம் சிரிப்பு. ஒருத்திகூட இது யார் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்ததை முத்தாயி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "இத்தனை நீளக் காலுங்களா எனக்கு?"

"அன்னைக்கு அப்படித்தாம்க்கா இருந்துச்சு."

"என்னைக்குங்க?"

அவன் சொன்னான். முத்தாயிக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. "நானா வந்தேன்? இருக்கும், இருக்கும்" என்றாள். அவளுக்கு அது மறந்துபோகிற அளவு சின்ன காரியம்.

வாரக் கடைசியில் ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. "இப்பத்தான் தம்பி ஓடுது. மீதிப் பக்கத்தையும் இதே கையோட வரைங்க" என்றார். பக்கத்தின் அடியில் இன்னொரு பெயரும் போட வேண்டும் என்று அந்தோணிராஜ் கேட்டான். அவர் தாராளமாக என்றார். ஓடிப்போய் முத்தாயியிடம் சொன்னான்.

"எம் பேரு மட்டும் தனியா வேண்டாமுங்க. முருகேசு பேரையும் போட்டுடுங்க. மூங்கிலத் தூக்கிப் புடிச்சதுல தோளு வலிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."

அந்தோணிராஜ் இரண்டு பெயரையும் எழுதினான். முத்தாயியின் பெயரை எழுதுகையில் மட்டும், அச்சுக்கு வேண்டிய அளவைவிட அழுத்தமாகவே பேனா பதிந்தது.