நாலு விரல் கூட

சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது நவீன்குமார் இறங்குவான். அவன் இறங்கின பிறகும் பஸ் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். டிரைவர் இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்கிறார். அந்த ஆள் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காத்திருப்பது டிரைவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பிரேக்கில் இருக்கிற கால் பழகிவிட்டது. பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவர்போல் கியரை மாற்றி, விரட்டிக்கொண்டு போவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்துக்கு நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். பொழுது சாய்ந்த பிறகு துணி காயப்போடுகிற ஒரே பொம்பளை இந்த ஓசூரிலேயே நான்தான் என்று என் வீட்டுக்காரர் வெங்கடப்பன் சொல்வார். சொல்லட்டும்.

இறங்காத அந்த ஆள் விஜயகுமார், நவீனின் அண்ணன். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை. எங்களை ஒட்டின வீட்டில் கீழே விஜயகுமாரும் அவன் பெண்டாட்டி ரேவதியும், மேலே நவீனும் பிரியதர்ஷினியும். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவரைக் கட்டின மேஸ்திரி நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே அச்சு. முருங்கைக்காய்க்கு யூனிபார்ம் மாட்டினதுபோல் இருப்பார்கள். சட்டையைக் கழற்றினால்தான் முன்பக்கம் குட்டியாக ஒரு தொப்பை தெரியும், யாரோ சொம்பைக் கவிழ்த்து ஒட்டவைத்த மாதிரி. பேண்டை அதற்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொள்வதால் பேண்ட் அளவு மாறினதே இல்லை. "கல்யாணத்துக்குத் தெச்ச பேண்ட்டு, இன்னும் அதான் போடறன்" என்று விஜயகுமார் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். எடை மெஷினில் ஏறி இறங்கினால் தேர்தலில் ஜெயித்தவன்போல் ஒரு பார்வை பார்ப்பான்.

எதிர்வீட்டு தாஹிரா அதற்கு நேர் எதிர். தக்காளி வியாபாரி பஷீர் அஹமதுவின் சம்சாரம், நல்ல பருமன். அவள் காலையில் நடக்கப் புறப்பட்டால் விஜயகுமார் கேட்டருகே நின்று, "தாஹிராக்கா, பாத்து நடங்க, இப்பத்தான் தார் ஊத்திக்கினு போனாங்க" என்பான். நாங்களும் சிரிப்போம். அவள் சளைத்தவள் இல்லை. "நீ காத்தடிக்கற பக்கம் வராத விஜயா, கர்நாடகாவுல போய் விழுந்துடுவ" என்பாள்.

அந்த விஜயகுமார்தான் பஸ்ஸில் செத்துப் போனான். ஷிப்ட் முடிந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவன் தூங்குகிறான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். தெருமுனையில் நவீன் இறங்கிவிட்டுத் திரும்பி, "அண்ணா, எறங்கு" என்று கூப்பிட்டான். அவன் இறங்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். ஒல்லியானவனுக்கு எப்படி என்று தெருவே வாயில் கைவைத்தது. யாராவது செய்வினை வைத்திருப்பார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

குளிப்பாட்டும்போது அரைஞாணை அறுக்க வேண்டும். தமிழில் அரணாக்கயிறு, கன்னடத்தில் உடுதாரம், தெலுங்கில் மொலத்தாடு. எங்கள் தெருவில் மூன்று பெயரும் புழங்கும். பிறந்ததும் கட்டுகிற கயிறு. போகும்போது அதைக்கூடக் கொண்டுபோக விடுவதில்லை. பங்காளிகள் கத்தியை நவீன் கையில் கொடுத்தார்கள். மறைப்புச் சேலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"ஏன்டா நிக்கற? அறுடா" என்றது பெரியப்பா அழகர்சாமியின் குரல்.

"கத்தி நொழைய மாட்டேங்குது பெரிப்பா. கயிறு சதைக்குள்ள எறங்கியிருக்குது."

அவ்வளவு ஒல்லி உடம்பில் கயிறு இறங்க இடம் ஏது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அறுத்த பிறகும் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் கோடுபோல் நின்றதாம். கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்த நவீன், எல்லோர் முன்னாலும் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் பிரியதர்ஷினி தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்தாள். "மங்கம்மாக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். எங்கள் தெருவில் ஒரு சேதி பரவ வேண்டுமானால் அதை என்னிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"அவரு சாப்ட்டு எழுந்தாருன்னா, அண்ணன் பின்னாலருந்து அரணாக்கயித்தப் புடிச்சி இறுக்கறாராம். மாடிப்படி ஏறுனா இன்னும் இறுக்கறாராம். நடுப்படியில நின்னு மூச்சு வாங்கறாரு. கயித்த அறுத்தன் இல்ல, அதுக்கோசரம் அண்ணன் கோவமா இருக்கறாருன்னு சொல்லிக்கினு அழுவறாரு."

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர்கள் படிக்கட்டுப் பக்கம் இருக்கிற என் ஜன்னலைச் சாத்திவைத்தேன். ஓர் இடுக்கு விட்டுத்தான் சாத்தினேன். அந்த இடுக்கு வழியாகச் சாயங்காலம் கேட்கும்: நவீனின் கால் படியேறும், பாதியில் நிற்கும், பிறகு ஒரு மூச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அது விஜயகுமாரின் மூச்சு. கடைசி வருஷம் தம்பி வீட்டுக்கு ஏறும்போது அவனும் அதே படியில் நின்று அப்படித்தான் இழுத்து விட்டான். கால் உயிரோடு இருக்கிறவனுடையது, மூச்சு இல்லாதவனுடையது என்று கேட்டுக்கொண்டு நிற்பது லேசில்லை.

ரேவதி பயப்படவில்லை. "தம்பிகிட்ட வர்றவரு என்கிட்ட ஒருநாளும் வரலியே அக்கா" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு அவள் கேட்டருகே நிற்பாள்.

"இன்னிக்கி வந்தாரா தம்பி?"

"வந்தாரு அண்ணி."

அவ்வளவுதான் பேச்சு. தலையாட்டிவிட்டு உள்ளே போவாள்.

பிரியதர்ஷினி சும்மா இருக்கவில்லை. குந்தாரப்பள்ளி சந்தைப் பக்கம் கயிறு மந்திரித்துக் கட்டுகிற வெள்ளைச்சாமியிடம் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். அவர் பழைய கயிற்றை அறுத்தார். "ஒடம்போட ஒட்டியிருந்தா ஆவிக்கிப் புடி கெடைக்கும். தளர்வா கட்டுங்க" என்று நீளமாகப் புதிது கட்டிவிட்டார். விஜயகுமாரின் ஆவி கொஞ்ச நாள் லீவு போட்டது. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி டூட்டிக்கு வந்து, முன்னைவிட அதிகமாக இறுக்கியது. வெள்ளைச்சாமி அசரவில்லை. தேர் முடிந்து வருகிற அமாவாசைக்கு இன்னும் நீளமாக ஒரு கயிறு கொண்டுவரச் சொன்னார்.

அந்த வீட்டில் கயிறு வாங்குவது எப்போதும் ரேவதியின் வேலை. வருஷா வருஷம் தேர்த்திருவிழாவில் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் வாங்குவாள். முழம் போட்டு அளந்து, நாலு விரல் கூட விட்டு வெட்டச் சொல்வாள். அரணாக்கயிறு தண்ணீர் பட்டுப் பட்டுச் சுருங்கும், அதனால் வருஷத்துக்கு நாலு விரல் கூட விட வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் ஏற்றுக்கொண்ட கணக்கு. நானும் என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் வாங்கிவருகிறேன்.

அந்த வருஷத் தேருக்குப் பிரியதர்ஷினி ரேவதியை வற்புறுத்தி அழைத்துப்போனாள். நான் இல்லாமலா? தேர்ப்பேட்டையில் கூட்டத்துக்கு நடுவே கயிற்றுக்கடையைப் பிடித்தோம். ரேவதி முழங்கையில் கயிற்றை வைத்து அளக்க ஆரம்பித்தாள்.

"போன கயித்துக்கு நாலு விரலு கூட வுடுங்க அக்கா" என்றாள் பிரியதர்ஷினி.

ரேவதியின் கை நின்றது. "வெள்ளைச்சாமி கட்டுனதுக்கு மேல நாலா?"

"ஆமா. சுருங்கிடுச்சு இல்ல."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எது சுருங்குச்சு? பத்து வருசமா நைலான் கயிறும்மா இது. பஞ்சு எங்க இருக்குது, சுருங்கறதுக்கு? சுருங்குச்சுன்னா வாபஸ் கொண்டாங்க, காசு திருப்பித் தர்றன்."

மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் ரேவதி கயிற்றைக் கையில் சுற்றியபடியே கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று நான் குனிந்தேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு தேரையும் நினைவில் கொண்டுவந்து விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை போதவில்லை.

"கயிறு சுருங்கலன்னா எங்க வூட்ல எதுடி பெருத்துச்சு?" என்றாள் பிரியதர்ஷினியிடம். பிறகு கயிற்றைக் கடைக்காரரிடமே நீட்டினாள். "வேணாங்க. நாலு விரலு நாலு விரலா விட்டுக் குடுத்துத்தான் அவர நான் அனுப்பி வெச்சன். இவனுக்கு விட்டுக் குடுக்க மாட்டன்."

வீட்டுக்கு வந்ததும் நவீன் குதித்தான். "கம்பெனி டாக்டரே ஃபிட்டுன்னு சொல்லிட்டாரு அண்ணி. வெயிட்டு கரெக்டா இருக்குது. பேண்ட்டு அதே அளவுதான். எனக்கு இன்னா?"

"உங்க அண்ணனுக்கும் அதே டாக்டரு, அதே பேண்ட்டு" என்றாள் ரேவதி.

சத்தம் கேட்டு தாஹிராவும் வந்தாள். எனக்கு அடுத்தபடி அவளுக்கும் காது நல்ல காது. "நவீனு, என்னப் பாத்தா எடை மிசினு கத்துது. ஊரே கத்துது, உங்கண்ணனும் கத்துனான், அல்லா அவனுக்கு நல்லது செய்யட்டும். பயந்துகினு நான் வருசா வருசம் ரத்தம் குடுத்துப் பாக்கறன், மாத்திர போடறன், நடக்கறன். உன்னப் பாத்து மிசினு சிரிக்குது. அதான் நீ பாக்காமயே இருக்கற" என்றாள்.

மறுநாள் ரேவதியே முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். துணைக்கு ஆள் வேண்டாமா? டாக்டரம்மா சின்னப் பெண். எடையைப் பார்த்தார். தையல் டேப் ஒன்றை எடுத்து நவீனின் தொப்புளுக்கு நேராகச் சுற்றினார். பேண்ட் நிற்கிற இடம் வேறு, வயிறு இருக்கிற இடம் வேறு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. டேப்பைப் படித்துவிட்டு அவனுடைய உயரத்தைக் கேட்டார். "இடுப்பு உங்க ஒயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். தாண்டிடுச்சு" என்றார்.

"ஆனா வெயிட்டு சரியாத்தான மேடம் இருக்குது?"

"வெயிட்டு சரிதான். கை கால்ல சதையே இல்லாம, அந்த வெயிட்டு வயித்துக்குள்ள போயிருக்குது. தோலுக்கு அடியில இருந்தா வெளிய தெரியும். இது கொடலச் சுத்தி, ஈரல் மேல படிஞ்சிருக்கற கொழுப்பு. மெஷினுக்குத் தெரியாது. வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சன இருந்துச்சா?"

நவீன் ரேவதி பக்கம் திரும்பினான். டாக்டரம்மா ரேவதியின் வெறும் நெற்றியைப் பார்த்தார், பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறியிருந்தன. ஈரலில் கொழுப்பு. ஓடுகிற மெஷினில் அவனை ஏற்றினார்கள்; கொஞ்ச நேரத்திலேயே இறக்கிவிட்டு, பெங்களூருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்றில் பாதி அடைப்பு என்றார்கள். நல்லவேளை வந்தீர்கள், மாத்திரையிலும் நடையிலும் சாப்பாட்டிலும் பார்த்துக்கொள்ளலாம், வராமல் இருந்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். ரேவதி அதைக் கேட்டு அழவில்லை. "எங்க வூட்டுக்காரரும் வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள், யாரிடமும் இல்லாமல்.

அன்று சாயங்காலமே தையல் டேப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைச் சுவரோரம் நிறுத்தினேன். "இன்னாடி, ஜாக்கெட்டு தெக்கப் போறியா?" என்றார். வந்த அளவை இங்கே சொல்வதாக இல்லை. அவரும் இப்போது நடக்கிறார்.

நவீன் காலையில் தாஹிராவோடு நடக்கிறான். "பின்னாடி வாடா ஒல்லிப்பிச்சான், தார் இளகுது" என்று அவள் ஓட்டுவாள். பேக்கரி பப்ஸ் போயிற்று. டீயில் சர்க்கரை போயிற்று. சோற்றுத் தட்டில் பாதிக்குக் காய் ஏறியது. கயிற்றை மட்டும் மாற்றக் கூடாது என்று ரேவதி சொல்லிவிட்டாள். வெள்ளைச்சாமி கட்டின அதே கயிறு.

போன வாரம் பிரியதர்ஷினி மறுபடி குழாயடியில் என் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு. "கயிறு நழுவி இடுப்பெலும்புல நிக்குது அக்கா. படி ஏறுனா மூச்சு வாங்கறதில்ல. அண்ணன் இழுக்கறதே இல்லியாம், ரெண்டு மாசமா."

ரெண்டு மாசமா? அந்த ரெண்டு மாசமும் அவன் கேட்டருகே தினம் "வந்தாரு அண்ணி" என்று சொன்னதை நான் மொட்டைமாடியில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

அன்று சாயங்காலம் பஸ் வந்தது. நவீன் இறங்கினான். பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை, பிறகு புறப்பட்டது. ரேவதி கேட்டருகே இருந்தாள்.

"இன்னிக்கி வந்தாரா தம்பி?"

நவீன் சட்டைக்கு மேலேயே இடுப்பில் கைவைத்தான். டிரைவர் காத்திருக்கிற அதே அளவு நேரம் காத்திருந்தான்.

"வந்தாரு அண்ணி. படிகிட்ட ஒரு இழு இழுத்தாரு."

"கோவமாவா?"

"இல்ல அண்ணி. சும்மா, வெளையாட்டுக்கு."

அவள் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நவீன் மூச்சு வாங்காமல் படியேறினான். நடுப்படியில் மட்டும், தேவையே இல்லாமல், ஒரு நிமிஷம் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். ரேவதி அண்ணாந்து பார்த்திருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்குமா தெரியாது. அவள் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.