ஈனாக் செத்துப் பார்த்த கதை

இங்கிலாந்தில் எங்கள் ஹாலிஃபாக்ஸ் மில் ஊரில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். செத்தபிறகு எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. என் வீட்டுக்காரர் சைலஸ் படம் பிடிக்கிறவர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிக் கொடுப்பதும், துக்க உடுப்பு இல்லாமல் வருகிற பெண்களுக்குக் கறுப்பு உடுப்பை வாடகைக்கு விடுவதும் என் வேலை. செத்தவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர்கள் கிடையாது. அசைய மாட்டார்கள். படத்தில் மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கும் வர மாட்டார்கள்.

அப்படியிருக்க, ஒரு மார்ச் மாதம் குடல்கறிக் கடை ஈனாக் வந்து, தன்னைப் பிணமாக வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். தன் காலாலேயே நடந்து வந்துதான் கேட்டார்.

"என் அண்ணன் செத்தப்போ எடுத்த படத்தப் பாத்தீங்கல்ல? வாயப் பொளந்துக்கிட்டு, இன்னொரு கரண்டி புட்டிங் போடுன்னு கேக்குற மாதிரி இருக்காரு. எனக்கு அந்தக் கதி வேணாம். இப்பவே எடுத்து வச்சுட்டா நிம்மதி."

சைலஸ் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். நான் ஆட்டவில்லை.

"இதுல வேற என்னவோ இருக்கு. சொல்லுங்க," என்றேன்.

ஈனாக் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "அண்ணன் போனப்போ அண்ணி அழுத அழுகையில தெருவே நனைஞ்சுது. என் பொண்டாட்டி ஹெப்சி அவங்கம்மா சாவுக்கே அழல. சாவு விருந்துல பன்னிக்கறி எத்தன துண்டு போச்சுன்னு எண்ணிக்கிட்டிருந்தா. எனக்காவது ஒரு சொட்டு விடுவாளான்னு தெரியணும். செத்தப்புறம் எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் ஹெப்சியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு வந்த கோபம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. நான் கொடுத்த கறுப்பு உடுப்பை முகர்ந்து பார்த்தாள்.

"சாவு விழாத வீட்டுல கறுப்பு கட்டினா சாவ வா வான்னு கூப்பிடுற மாதிரி. யோவ், உனக்கென்ன கிறுக்கா?"

"பொணம் பதில் பேசாது," என்று பதில் பேசிவிட்டு, ஈனாக் சோபாவில் நீட்டிப் படுத்தார். ஹெப்சி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மில் புகை மூடிய எங்கள் வானம் வெளிச்சத்தில் கஞ்சம். சைலஸ் படப்பெட்டியைத் திறந்து, நிதானமாக நொடிகளை எண்ணி முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. அசைந்தவர் படத்தில் புகையாகிப் போவார். முதல் தகட்டை நான் கழுவி எடுத்து வந்தபோது, அதில் ஹெப்சி கல்லில் செதுக்கியதுபோல விழுந்திருந்தாள். பிணத்துக்கு நாலு கண்: மூடியது இரண்டு, திறந்தது இரண்டு. வாயும் அண்ணனைப் போலவே திறந்திருந்தது.

"கண்ணத் தொறந்தீங்களா?" என்றார் சைலஸ்.

"அழுவுறாளான்னு லேசா..."

"செத்தும் வேவு பாக்குறத பாரேன்!" என்றாள் ஹெப்சி. "அங்க குடல் கழுவ ஆளில்லாம கடை நாறிக் கிடக்கு. இங்க நான் உக்காந்து அழணுமாம்!"

இரண்டாவது தகட்டுக்கு, நிஜப் பிணங்களுக்குச் செய்வதையே சைலஸ் இவருக்கும் செய்தார். தாடையைத் துணியால் தூக்கிக் கட்டி, முடிச்சைத் தாடிக்குள் மறைத்தார். கண்ணை இறுக மூடச் சொன்னார். நான் தகடு தயார் செய்கிற நேரத்தில், வயிறு முட்டத் தின்று வந்த மனுஷன், குளிருக்கு மூட்டியிருந்த அடுப்பின் சூட்டில் தூங்கிவிட்டார். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

சைலஸ் எண்ணத் தொடங்கினார். நான் வெள்ளைத் துணியைப் பிடித்து வெளிச்சத்தை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"யோவ்," என்றாள் ஹெப்சி, உதடு அசையாமல். பதில் இல்லை. "யோவ், போதும்யா." இல்லை. அவள் முகம் வெளுத்தது. முழித்திருந்தால் எதிர்த்துப் பேசாமல் இருக்கிற மனுஷன் இல்லை. தூங்கினால் குறட்டை விடாமல் இருக்கிற மனுஷனும் இல்லை. தாடையைக் கட்டினால் குறட்டையும் கட்டுப்படும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எழுந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். கறுப்புச் சட்டை, கறுப்பு மேல்சட்டை, அதற்குள் ஒரு கம்பளி, எதுவும் கேட்டிருக்காது.

"ஐயோ, சத்தமே இல்லையே! ஈனாக்! என் ராசா, எந்திரிய்யா! சும்மா சொன்னேன்யா, கடை நாறினா நாறட்டும்!"

அவள் அவரைப் பிடித்து உலுக்குவதற்கும் சைலஸ் பதறிப்போய்ப் படப்பெட்டியை மூடுவதற்கும் சரியாக இருந்தது.

ஈனாக் கண் விழித்தார். முகமெல்லாம் ஈரம். தாடை கட்டியிருந்ததால் "ம்ம்? ம்ம்ம்!" என்றார். ஹெப்சி ஓங்கி ஒரு அறை விட்டாள். கட்டை அவிழ்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அழுவுறா! எல்லாரும் பாருங்க, அழுவுறா!"

"சந்தோஷமா இரு," என்று மூக்கை வாடகை உடுப்பிலேயே துடைத்தாள். "உன் நெசச் சாவுக்கு ஒரு சொட்டு கெடையாது. இருந்ததெல்லாம் இங்கயே தீந்துபோச்சு."

தகடு வந்தது. ஈனாக் அச்சு அசலாக, நிம்மதியான பிணமாக விழுந்திருந்தார். அவர்மேல் கவிழ்ந்து கறுப்பாக ஒரு புகை மண்டலம்.

"வீணாப் போச்சு, படத்தச் சுரண்டிடுறேன்," என்றார் சைலஸ்.

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுடுவேன்," என்றார் ஈனாக். கொண்டுபோய்க் கடையில் தராசுக்கு மேலே மாட்டினார்.

சில வருஷம் கழித்து அவர் நிஜமாகவே போனார். நாங்கள் படப்பெட்டியோடு போனபோது, சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். ஹெப்சி சொந்தக் கறுப்பு உடுப்பில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். "கல்நெஞ்சக்காரி," என்று ஈனாக்கின் அண்ணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். எனக்கு அந்த அண்ணியை அறையலாம் போலிருந்தது. ஆனால் அழுகைதான் வந்தது.

"எடுக்க வேணாம். ஏற்கெனவே எடுத்தாச்சு," என்று ஹெப்சி சைலஸிடம் சொன்னாள். கடையிலிருந்து அந்தப் படத்தைக் கொண்டு வந்து சவப்பெட்டிமேல் வைத்தாள்.

அண்ணி குனிந்து, பிணத்தின்மேல் கவிழ்ந்திருந்த அந்தப் புகையை உற்றுப் பார்த்தாள். "இதுல நீ எங்கடி இருக்க?"

"அது அவருக்குத் தெரியும்," என்றாள் ஹெப்சி.