திறக்க முடியாத பூட்டு

பூட்டுப் பட்டறையில் வேலை பழக வந்த இரண்டாம் வருஷமே அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தானே யோசித்து ஒரு பூட்டுச் செய்தான். சாவி இல்லாமல் யார் நோண்டினாலும் உள்ளே ஒரு தகடு விழுந்து அடைத்துக்கொள்ளும். "இத திறக்கிறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். பட்டாளத்தின் கிடங்குக்கு அது விலைபோனபோது அவன் கால் தரையில் நிற்கவில்லை.

அக்கா மட்டும், "யாரைப் பூட்டி வைக்க வாங்குறாங்கன்னு கேட்டியாடா?" என்றாள். அவள் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து நோட்டீஸ் ஒட்டுகிறவள். வேலைவெட்டி இல்லாத பேச்சு என்று அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே பட்டாளத்துக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஊரே திரண்டெழுந்த அன்று பட்டாளம் ஓடிப்போனது. போகிற போக்கில் கடைத்தெருவுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. பிடித்த ஆட்களைக் கிடங்கில் அவன் செய்த பூட்டைப் போட்டு அடைத்து வைத்திருந்தது. இருந்த ஒரே சாவியையும் கையோடு கொண்டு போய்விட்டது.

கேள்விப்பட்டு அவன் ஓடி வந்தபோது பக்கத்துக் கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் அக்காவின் இருமல் கேட்டது. நாலைந்து பேர் கடப்பாரையால் கதவின் கீலை நெம்பத் தொடங்கியிருந்தார்கள்.

"நகருங்க, நகருங்க! இது நான் செஞ்ச பூட்டு. ரெண்டே நிமிஷம்!"

தொழில் தெரிந்தவன் சொல்கிறானே என்று அவர்களும் ஒதுங்கினார்கள். கம்பியை விட்டு நோண்டினான். தகடு விழுந்தது. வேறு கம்பி எடுத்தான். கை வழுக்கியது.

"முடியுமா முடியாதா, சொல்லித் தொலைப்பா!" என்றார் கடப்பாரை வைத்திருந்தவர்.

"இதோ, ஆச்சு" என்றான். ஒன்றும் ஆகவில்லை. முடியாது என்பது முதல் கம்பியிலேயே அவனுக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, பாவி! உள்ளே ஒவ்வொரு இருமலாக அடங்கிக்கொண்டு வந்தது. அக்காவின் இருமலும் நின்றபோதுதான் அவன் கம்பியைக் கீழே போட்டான்.

"என்னால முடியலங்க!" என்று கத்தினான். "ஒடைங்க! ஒடைங்கண்ணே!"

நாலே நெம்பில் கீல் பெயர்ந்து கதவு சாய்ந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

புகைக்குள்ளிருந்து ஆட்கள் தவழ்ந்து வந்தார்கள். கடைசியாக அக்கா, தன்னோடு நோட்டீஸ் ஒட்டிய பெண்ணை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கடப்பாரைச் சத்தம் அப்பவே கேட்டுச்சே," என்றாள் இருமிக்கொண்டே. "யாரு நிறுத்தினது?"

யாரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான்.

"நான்தான்க்கா."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இவ கால் பக்கம் பிடி."

பிடித்தான். அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.