களாப்புதருக்குக் கீழே

வடக்குப்பட்டு கிராமத்தைத் தாண்டி, ஏரியின் வடகரையில், களாப்புதர்களின் நிழலில் ஒரு கைப்பிடிச் செடிகள் பூத்திருந்தன. வெள்ளையும் பச்சையுமாகச் சின்னஞ்சிறு பூக்கள். தரையில் வளரும் ஆர்க்கிட். இந்தப் பக்கத்தில் அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த இனம். பிரவீனா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

புதிதாக வரப்போகும் தொழிற்சாலைக்காக, அந்த நிலத்தில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சந்தோஷம் தாங்காமல் அங்கிருந்தே தன் மேலாளருக்குப் போன் செய்தாள்.

"இதைப் பேத்து வேற இடத்துல நட முடியாது சார். இந்த மண்ணுல இருக்கிற பூஞ்சை இல்லன்னா செத்துடும். இந்த இடத்தையே தொடாம விட்டாகணும்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவள் ஒரகடம் ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் டில்லிபாபு டீக்கடை வாசலில் காத்திருந்தான்.

"இன்னா மேடம், அபூர்வமா எதோ பூ கெடச்சுதாமே? எங்க கீது? வேலி போட்டு பத்திரமா பாத்துக்கலாம்."

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "தெக்குப் பக்கம் பனைமரம் இருக்குல்ல, அதுக்கு அந்தாண்ட" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

மறுநாள் காலை முதலில் ஏரிக்கரைக்குப் போனாள். பூக்கள் அப்படியே இருந்தன. அங்கிருந்து தெற்கே நடந்தாள். பனைமரத்தைக் காணோம். புதரும் இல்லை. வழித்தெடுத்தாற்போல் செம்மண் கிடந்தது. ஜேசிபிக்குப் பக்கத்தில் டில்லிபாபு.

"புது டிரைவர் மேடம். தெரியாம வண்டிய உட்டுட்டான். வேற எங்கயும் இல்லியே?"

"இல்ல."

அவன் பார்வை அவள் ஷூவில் இறங்கியது. ஏரிக்கரையின் கருஞ்சேறு ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. டிரைவருக்குக் கை காட்டினான். வண்டி வடக்கே திரும்பியது.

பிரவீனா ஓடினாள். முள் கிழித்தது. முந்திப் போய்ச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, படங்களை வனத்துறைக்கும் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். ஜேசிபி எதிரே வந்து நின்றது.

மத்தியானம் வனத்துறைக்காரர் ஒருவர் வந்து, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜின் அணைந்தது. வண்டி மட்டும் நகரவில்லை.

டில்லிபாபு ஒரு கல்லில் உட்கார்ந்து அவளையே பார்த்தான்.

"சொல்லுங்க மேடம்," என்றான் நிதானமாக, "எத்தினி நாளிக்கி இங்கயே உக்காந்துகினு இருப்பீங்க?"