வலப்பக்கம் நிற்பவள்

எங்கள் ஹெல்மெட் கம்பெனியின் கூடைப்பந்து அணியை முதலாளி ஆசைப்பட்டு இந்த வருஷம்தான் தொழில்முறை லீகில் இறக்கினார். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள். என் வீட்டுக்காரரும் ஒருவர். முப்பத்திரண்டு வயதில் அரைக்கால் சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினோரு ஆட்டம், பதினொன்றிலும் மண்ணைக் கவ்வினார்கள். பழி முழுக்க அவர் தலையில். கூடைக்கு நேராக நின்றுகொண்டு பந்தை எறியாமல் ஒரு நொடி தாமதிப்பாராம். அதற்குள் எவனாவது தட்டிப் பறித்துவிடுவானாம். ஆட்ட நாட்களில் எனக்கு ஷிப்ட் என்பதால் எதையும் நான் பார்த்ததில்லை. மிச்சமிருந்த கடைசி ஆட்டத்திலும் இப்படி நின்றால் அணியில் இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார்.

"ஏன்னு எனக்கே தெரியலம்மா. கை விடமாட்டேங்குது," என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசி ஆட்டத்துக்குக் கம்பெனியே லீவு விட்டு எங்களை பஸ்ஸில் அழைத்துப் போனது. முதல் பந்து அவரிடம் வந்தது. இரண்டு கையாலும் அதை ஒரு சுற்றுச் சுற்றினார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பந்து பறிபோனது. கோச் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. கம்பெனியில் ஒன்பது வருஷமாக அவர் பரிசோதனை மேசை. அவருக்கு வலப்பக்கம் நான், பேக்கிங். ஹெல்மெட்டைச் சுற்றிக் கீறல் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். பெட்டி தயார் என்று நான் தலையாட்டினால்தான் அதைக் கையிலிருந்து விடுவார். இந்த மனுஷன் அங்கேயும் என்னைத்தான் தேடியிருக்கிறார்.

கடைசி நிமிஷத்தில், வேறு ஆளில்லாமல், அவரை மறுபடி இறக்கினார்கள். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். யார் காலை மிதித்தேனோ தெரியாது, ஓடிப்போய் அவருக்கு வலப்பக்கம், ஆடுகளத்தை ஒட்டிய தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து வந்தது. சுற்றினார், திரும்பினார். நான் தலையாட்டினேன்.

கூடைக்குள் விழுந்தது.

ஒரு புள்ளியில் ஜெயித்து எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றியபோது கோச் என்னிடம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"அடுத்த சீசன்ல எல்லா ஆட்டத்துக்கும் நீங்க வரணும்மா. ஆனா ஒண்ணு, பாதி ஆட்டத்துல பக்கம் மாறி ஆடுவோம், நாம போடற கூடை எதிர்ப்பக்கம் போயிடும்."

"நானும் மாறி நின்னுக்கறேன் சார்," என்றேன்.